தொட்டிக்கரி வேறு, கார்பன் வேறு

வாசகர் கேள்வி – பதில்

தேங்காய் ஓட்டைக் கொங்குப் பக்கம் தொட்டி என்பார்கள், தெற்கே சிரட்டை, சென்னைப் பக்கம் கொட்டாங்குச்சி. இந்த முறை கேள்விகள் பாதிக்கு மேல் திருப்பூர், கோவை மாவட்டங்களிலிருந்து வந்திருப்பதால் பதில்களிலும் தொட்டி என்றே எழுதியிருக்கிறோம்.

கரி ஆலைக்காரர்கள் எங்களிடம் தொட்டிக்கரியை டன் கணக்கில் வாங்கிப்போய் ‘ஆக்டிவேட்டட் கார்பன்’ என்று பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள். கரியை இடித்துச் சலித்தால் கார்பன்தானே? – கே. எஸ்., வெள்ளகோவில்

இல்லை. இடித்துச் சலித்தால் கரித்தூள்தான் கிடைக்கும்.

தொட்டியைக் காற்றுப் படாமல் சுட்டால் கரி. அந்தக் கரிக்குள் நுண்துளைகள் இருக்கின்றன. ஆனால் பெரும்பாலானவை தார் அடைத்துக் கிடக்கும், மீதி மிகவும் குறுகல். இந்தக் கரியைச் சுழல் உலையில் 900 முதல் 1,000 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சி, நீராவியை உள்ளே விடுகிறார்கள். அந்தச் சூட்டில் நீராவி கரியையே அரிக்கும். கரியும் நீராவியும் சேர்ந்து கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனுமாக வெளியேற, அரிக்கப்பட்ட இடமெல்லாம் துளையாகிறது. இதுதான் ஆக்டிவேட்டட் கார்பன், சுருக்கமாகக் கார்பன். ஒரு கிராம் நல்ல கார்பனுக்குள் இருக்கும் பரப்பை விரித்தால் ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் வரும். நம் கணக்கில் 25 சென்ட் நிலம். அழுக்கு ஒட்டிக்கொள்வது இந்த நிலத்தில்தான்.

விலை வித்தியாசத்துக்குக் காரணமும் இதே அரிப்புதான். சுமார் 10 டன் உலர்ந்த தொட்டிக்கு 3 டன் கரி, 3 டன் கரிக்கு 1 டன் கார்பன். மீதி இரண்டு டன்னில் பெரும்பகுதி உலையிலேயே வாயுவாகிப் போகிறது, கொஞ்சம் சல்லடையில் தூளாகக் கழிகிறது. ஒரு கிராம் கார்பன் எத்தனை மில்லிகிராம் அயோடினைப் பிடிக்கிறது என்பதுதான் அயோடின் எண். ‘அயோடின் 1,000 வேண்டாம், 1,200 கொடு’ என்று வாங்குபவர் கேட்டால் இன்னும் நெடுநேரம் அரிக்க வேண்டும். அளவும் குறையும், மணியும் உதிரத் தொடங்கும். ஆகவே அயோடின் எண் உயர உயர நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது.

கையில் பார்த்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு பிடி கார்பன் மணியைப் போடுங்கள். துளைகளிலிருந்து காற்று வெளியேறி, சோடா திறந்ததுபோலச் சலசலத்துக் குமிழி விடும், சில நிமிடம் நிற்காது. சாதாரணக் கரியில் நாலு குமிழியோடு முடிந்துவிடும். எடையும் சொல்லும்: ஒரு லிட்டர் கார்பன் மணி அரைக் கிலோவை ஒட்டி நிற்கும். அதைவிட நன்றாகக் கனத்தால், சரியாக அரிக்கப்படவில்லை அல்லது ஈரம் ஏற்றியிருக்கிறார்கள்.

எங்கள் தோப்பில் மாதம் அரை டன் தொட்டி சேர்கிறது. பழைய டிரம்மில் கரி சுடலாம் என்றிருக்கிறேன். முறை சொல்லுங்கள். இதுவரை இரண்டு முறை முயன்றதில் ஒருமுறை சாம்பல், ஒருமுறை பாதி வேகாத தொட்டி. – ஆர். எம்., பேராவூரணி

இரண்டு தவறுமே காற்று சம்பந்தப்பட்டவை. சாம்பல் ஆனதற்குக் காற்று அதிகம். வேகாததற்குத் தொட்டி ஈரமாக இருந்திருக்கும், அல்லது நெருப்பு கீழிருந்து மேலே ஏறுமுன் மூடியிருப்பீர்கள்.

200 லிட்டர் இரும்பு டிரம் எடுத்துக்கொள்ளுங்கள். பூச்சிமருந்து, ரசாயனம் இருந்த டிரம் வேண்டாம். எண்ணெய் இருந்ததானால் முதலில் வெறும் டிரம்மில் விறகு போட்டு ஒருமுறை எரித்துவிடுங்கள். மேல்மூடியை வெட்டி எடுத்து, அதன் நடுவில் 4 அங்குல ஓட்டை போட்டு ஒன்றரை மீட்டர் தகரக் குழாயைப் புகைபோக்கியாக வையுங்கள். டிரம்மின் பக்கத்தில் ஒரு அங்குலத் துளைகள் மூன்று வரிசை, வரிசைக்கு ஆறு. முதல் வரிசை அடியிலிருந்து இரண்டு அங்குலம் மேலே, அடுத்த இரண்டும் ஏறத்தாழ ஒரு சாண் இடைவெளியில். தொடங்கும்போது அடி வரிசை மட்டும் திறந்திருக்கட்டும். மற்றவற்றைக் களிமண்ணால் அடைத்துவிடுங்கள்.

தொட்டியில் நாரும் பருப்பும் ஒட்டியிருக்கக் கூடாது. நார் சாம்பலாகும், பருப்பிலுள்ள எண்ணெய் கரும்புகையாகும். உள்ளங்கை அளவுக்கு உடைத்து மூன்று, நாலு நாள் நல்ல வெயிலில் காயவையுங்கள். முழுத் தொட்டியாகப் போட்டால் ஒன்றின்மேல் ஒன்று கவிழ்ந்து இடையில் காற்று தங்கும், ஒரே டிரம்மில் ஒருபுறம் சாம்பல், ஒருபுறம் பச்சை என்று வரும்.

அடியில் இரண்டு கூடைத் தொட்டியைப் பற்றவைத்து, தீ நன்றாகப் பிடித்ததும் கூடை கூடையாக மேலே போடுங்கள். எரிந்து இறங்க இறங்க நிரப்பி, விளிம்பு வரை வந்ததும் மூடியையும் புகைபோக்கியையும் வைத்துவிடுங்கள். இனி கவனிக்க வேண்டியது புகையை. முதலில் வரும் தடித்த வெள்ளைப் புகை ஈரம். அதன்பின் மஞ்சள் கலந்த, கண்ணைக் கரிக்கும் புகை தார். அடித்துளைகளில் எட்டிப் பார்த்து உள்ளே செக்கச்செவேல் என்று தெரிந்ததும் அந்த வரிசையை மண்ணால் அடைத்து, நடு வரிசையைத் திறங்கள். அங்கும் சிவந்ததும் அதை அடைத்து மேல் வரிசை. கடைசியில் புகை மெல்லிய நீலமாகி, ஏறக்குறையக் கண்ணுக்குத் தெரியாமல் போகும். அந்தக் கணத்தில் எல்லாத் துளையையும் அடைத்து, புகைபோக்கியை எடுத்துவிட்டு ஓட்டையைத் தகடால் மூடி, மூடியின் விளிம்பைச் சுற்றி ஈரமண் பூசிவிடுங்கள். பத்து நிமிடம் தாமதித்தாலும் கரி எரியத் தொடங்கும். உங்கள் சாம்பல் அங்கேதான் உண்டாகியிருக்கும்.

மறுநாள் காலை வரை, குறைந்தது 12 மணி நேரம், தொடாதீர்கள். டிரம்மின் மேல் கை வைத்தால் சில்லென்று இருக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருக்கும்போது திறந்தால் காற்றுப் பட்டதும் உள்ளே கனல் எழும், அதோடு கார்பன் மோனாக்சைடும் முகத்தில் அடிக்கும். தண்ணீர் ஊற்றி மட்டும் அணைக்காதீர்கள். அதனால் வரும் வினையைப் பல்லடத்துக் கேள்வியில் பாருங்கள்.

100 கிலோ உலர்ந்த தொட்டிக்கு 25 முதல் 30 கிலோ கரி வந்தால் சரியான சூளை. 20க்குக் கீழே போனால் எங்கோ காற்றுக் கசிகிறது. 35 வந்தால் மகிழ வேண்டாம், அது வேகாத கரி. உடைத்தால் உள்ளே பழுப்பு தெரியும், வியாபாரி கழித்துவிடுவார். நல்ல கரி சிமெண்டுத் தரையில் விழுந்தால் உலோகம்போலக் ‘கணீர்’ என்னும், உடைத்த முகம் கறுப்பாகப் பளபளக்கும்.

கடைசியாக ஒன்று, பலர் தவறவிடுவது. திறந்த கரியை உடனே மூட்டை கட்டாதீர்கள். புதுக்கரி காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துத் தானாகவே சூடேறும். மெல்லிதாகப் பரப்பி ஒரு நாளாவது நிழலில் காற்றாட விட்டு, பிறகு கட்டுங்கள். கப்பல் போக்குவரத்தில் கரியைத் ‘தானாகத் தீப்பற்றக்கூடிய பொருள்’ வகுப்பில் வைத்திருப்பது இதனால்தான்.

யூடியூபில் அடுப்புக்கரியை எலுமிச்சைச் சாற்றில் ஒரு நாள் ஊறவைத்து, கழுவி, ஓவனில் காயவைத்தால் ஆக்டிவேட்டட் கார்பன் என்கிறார்களே? – எஸ். பி., மதுரை

எலுமிச்சைச் சாறு கரியிலுள்ள சாம்பலைக் கொஞ்சம் கரைத்துக் கழுவும், அவ்வளவுதான். புதுத்துளை உண்டாகாது. கால்சியம் குளோரைடு ஊற்றும் இன்னொரு வீடியோவும் சுற்றுகிறது. உப்பு ஏறிய கரியை 100, 150 டிகிரியில் காயவைத்தால் அது உப்பு ஏறிய கரிதான்.

ரசாயன முறை என்று ஒன்று உண்மையிலேயே உண்டு. அதில் பெரும்பாலும் கரியை ஊறவைப்பதில்லை, சுடாத மூலப்பொருளையே ஊறவைப்பார்கள். மரத்தூளின் எடைக்கு எடையோ, ஒன்றரைப் பங்கோ பாஸ்பாரிக் அமிலம் சேர்த்து ஓர் இரவு வைத்து, 450 முதல் 500 டிகிரியில் ஒரு மணி நேரம் சுட்டு, அமிலம் போகும்வரை கழுவுவது. இதில் சூடு குறைவு, கிடைக்கும் அளவும் அதிகம். ஆனால் கழுவிய அமிலத் தண்ணீரைத் திரும்பப் பிடித்துப் பயன்படுத்தும் ஏற்பாடு இல்லாதவர் இதைத் தொடவே கூடாது. ஒரு காலத்தில் துத்தநாகக் குளோரைடை நிறையப் பயன்படுத்தினார்கள். கழுவுநீரில் துத்தநாகம் போனதால் பல இடங்களில் கைவிட்டுவிட்டார்கள்.

வீட்டு வடிகட்டிக்கு வேண்டுமானால் கார்பனைக் காசு கொடுத்தே வாங்குங்கள்.

எங்கள் தோட்டத்துக்கு 300 மீட்டர் தள்ளித் தொட்டிக்கரி சுடும் குழிகள் உள்ளன. இரண்டு வருடத்தில் கிணற்றுத் தண்ணீர் டீ நிறமாகிவிட்டது. பக்கத்துத் தோட்டத்துக் கிணறு தெளிவாக இருப்பதால் ‘எங்களால் இல்லை’ என்கிறார்கள். காய்ச்சிக் குடிக்கலாமா? – ஒரு வாசகி, பல்லடம் அருகே

குடிக்க வேண்டாம். காய்ச்சியும் வேண்டாம்.

குழியில் கரி சுடுபவர்கள் அடுத்த சுடலுக்கு இடம் வேண்டும் என்று கனலும் கரியின் மேல் தண்ணீர் பீய்ச்சி அணைக்கிறார்கள். குழியின் சுவரிலும் அரைவேக்காட்டுக் கரியிலும் படிந்திருக்கும் தார், பினால் வகைச் சேர்மங்கள், அசிட்டிக் அமிலம் எல்லாம் அந்தத் தண்ணீரில் இறங்கும். தரைக்கு சிமெண்டு இல்லை, கழிவுநீரைச் சேகரிக்க டேங்க் இல்லை என்றால் நேராகப் பூமிக்குள். காங்கேயம், வெள்ளகோவில், பல்லடம் வட்டாரங்களில் கரிக் குழிகளைப் பற்றி எழுந்த புகார்களில் பெரும்பாலும் இதே காட்சிதான்: முதலில் நிறம், பிறகு வாடை, பிறகு ஆடு மாடுகூட வாய் வைக்காத நிலை.

பக்கத்துக் கிணறு தெளிவாக இருப்பது அவர்கள் நினைக்கும் சாட்சியம் இல்லை. கொங்குப் பகுதி கடினப்பாறை நிலம். நிலத்தடி நீர் மணலில் ஊறுவதுபோல எல்லாப் பக்கமும் சமமாகப் பரவாது. பாறை வெடிப்பு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் ஓடும். குழியும் உங்கள் கிணறும் ஒரே வெடிப்பில் இருக்கலாம், பக்கத்துக் கிணறு விலகி இருக்கலாம்.

பினாலின் கொதிநிலை 180 டிகிரிக்கு மேல். காய்ச்சினால் தண்ணீர்தான் முதலில் ஆவியாகும், இருப்பது இன்னும் செறிவாகும். பிளீச்சிங் பவுடர் போட்டால் நிலைமை மோசம்: குளோரின் பினாலோடு சேர்ந்து குளோரோபினால் ஆகும், ஆஸ்பத்திரி வாடை அடிக்கும். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500. அதில் பினால் சேர்மங்களுக்கு ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம், வேறு நீர் இல்லாவிட்டால் அதிகபட்சம் 0.002. இவ்வளவு கடுமையாக வைத்ததற்கு அந்த வாடையும் ஒரு காரணம்.

சோதனைக்குக் கொடுக்கும்போது வெறுமனே ‘தண்ணீர் டெஸ்ட்’ என்று கொடுத்தால் உப்பு, கடினத்தன்மை, புளோரைடு பார்த்து அனுப்பிவிடுவார்கள். அவையெல்லாம் சரியாக இருக்கும், நீங்கள் தோற்றுப்போவீர்கள். ‘பினால், சி.ஓ.டி., நிறம்’ என்று எழுதிக் கேளுங்கள் (சி.ஓ.டி. என்பது தண்ணீரிலுள்ள கரிமக் கழிவின் அளவைக் காட்டும் சோதனை). மாதிரி எடுக்கப் பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், ஆய்வகமே கொடுக்கும் பழுப்புக் கண்ணாடி பாட்டிலை வாங்குங்கள். அமிலம் சேர்த்துக் குளிரில் வைத்து அனுப்ப வேண்டும். கிணற்றோடு, முடிந்தால் குழிப் பக்கத்தில் தேங்கிய தண்ணீரையும், தெளிவாக இருக்கும் பக்கத்துக் கிணற்றையும் சேர்த்து மூன்று மாதிரி கொடுத்தால்தான் ஒப்பிட முடியும்.

புகாரை மாவட்ட ஆட்சியர் அலுவலகத் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்திலும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரிடமும் தனித்தனியாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டம், 1981ஆம் ஆண்டு காற்றுச் சட்டம் இரண்டின் கீழும் அந்த ஆலைக்கு வாரிய இசைவு இருக்கிறதா என்று ஒரே வரியில் கேளுங்கள். வாய்வாதத்தைவிட அந்தக் கேள்விக்கு வேகம் அதிகம்.

பினாலைத் தண்ணீரிலிருந்து பிடிக்க நன்றாக உதவும் பொருள் எதுவென்று கேட்டால், ஆக்டிவேட்டட் கார்பன். கரிக்குழி கெடுத்த கிணற்றைக் கரியிலிருந்து செய்த பொருளால் வடிகட்ட வேண்டியிருக்கிறது! ஆனால் குழிநீர் இறங்குவது நிற்காதவரை வடிகட்டி வைப்பது ஓட்டைத் தோணியில் தண்ணீர் இறைக்கும் கதை. முதலில் தண்ணீர் பீய்ச்சுவது நிற்க வேண்டும். மூடிய டிரம்மில் உலர்வாக ஆறவைத்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் தேவையில்லை. நேரமும் கூடுதல் டிரம்களும்தான் செலவு.

நெல் உமி, கடலைத்தொலி, தென்னைநார்க் கழிவு, முந்திரி ஓடு, இவற்றில் கார்பன் செய்யலாமா? – டி. வி., விருத்தாசலம்

எல்லாவற்றிலும் ‘செய்யலாம்’. கல்லூரி ஆய்வுகளில் புளியங்கொட்டை ஓடு வரை செய்துபார்த்துவிட்டார்கள். விற்க முடியுமா என்பது வேறு கேள்வி.

உமியில் 15 முதல் 20 சதவீதம் சாம்பல், அதில் பெரும்பங்கு சிலிக்கா, அதாவது மணல் இனம். கரி சுட்டபின் காஸ்டிக் சோடாவில் வேகவைத்துச் சிலிக்காவைக் கரைத்தால்தான் உருப்படியான கார்பன் வரும். கரைத்த சிலிக்காவையும் விற்க வழி இருந்தால் கணக்கு நிற்கும். கடலைத்தொலியும் நார்க்கழிவும் பஞ்சுபோல லேசு. மணி நிற்காது, தூள் கார்பன்தான். நார்க்கழிவில் உப்பு இருப்பதால் முதலில் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். தொட்டிக்கு உலகம் முழுக்கக் கிராக்கி இருப்பது அது கெட்டி என்பதால். தங்கச் சுரங்கங்களில் கரைசலோடு சேர்த்துக் கலக்கிக் கலக்கித் தங்கத்தைப் பிடிக்கத் தொட்டிக் கார்பனையே கேட்கிறார்கள். உதிர்ந்தால் உதிர்ந்த தூளோடு தங்கமும் போய்விடும். முதல் உலகப் போரில், 1918இல், விஷவாயு முகமூடிக்காக அமெரிக்காவில் தேங்காய் ஓட்டையும் பழக்கொட்டைகளையும் பொதுமக்களிடம் திரட்டியிருக்கிறார்கள்.

முந்திரி ஓட்டை மட்டும் திறந்தவெளியில் சுடாதீர்கள். அதிலுள்ள எண்ணெய் கையைப் பொத்துப்போக வைக்கும், அதன் புகை கண்ணையும் தொண்டையையும் பதம் பார்க்கும். எண்ணெய் எடுத்த ஓட்டை, புகையை எரிக்கும் மூடிய உலையில் வேண்டுமானால்.

அயோடின் எண் எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரே மாதிரிக்கு எங்களுக்கு 870, 940, 1,010 என்று மூன்று விடை வருகிறது. – வேதியியல் மாணவர்கள், கோவை

லிட்டருக்கு 12.7 கிராம் அயோடின், 19.1 கிராம் பொட்டாசியம் அயோடைடு. இதுதான் 0.1 நார்மல் கரைசல். முதலில் இரண்டையும் கொஞ்சம் தண்ணீரில் நன்றாகக் கரையவிட்டுப் பிறகுதான் லிட்டராக்க வேண்டும். கார்பனை மாவாக அரைத்து, உலர்த்தி, 1 கிராம் எடுத்து, 5 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் 10 மில்லி சேர்த்து 30 வினாடி கொதிக்கவையுங்கள். ஆறியதும் அயோடின் கரைசல் 100 மில்லி ஊற்றி, மூடி, சரியாக 30 வினாடி குலுக்கி, உடனே வடிகட்டுங்கள். வடிநீரில் 50 மில்லியை 0.1 நார்மல் சோடியம் தயோசல்பேட்டால் தரம் பாருங்கள். முடிவை நெருங்கும்போது ஸ்டார்ச்.

100 மில்லியில் 1,269 மில்லிகிராம் அயோடின் இருக்கிறது. செலவான தயோசல்பேட் ஒவ்வொரு மில்லிக்கும் 27.92 கழியுங்கள் (12.69ஐ 2.2ஆல் பெருக்கியது. மொத்தம் 110 மில்லியில் 50 மட்டுமே எடுத்தோமல்லவா?). 10 மில்லி செலவானால் 1,269 கழித்தல் 279, அதாவது 990. ஒரு கிராமுக்கு அயோடின் எண் 990.

உங்கள் மூன்று விடைக்கு வருவோம். மீதமுள்ள அயோடின் 0.02 நார்மலில் இருக்கும்போது கிடைப்பதுதான் அயோடின் எண். அதாவது தயோசல்பேட் 10 மில்லியை ஒட்டிச் செலவாக வேண்டும். 4 மில்லிக்குக் கீழேயோ 20க்கு மேலேயோ போனால் அந்த அளவீடு செல்லாது, கார்பன் எடையை மாற்றி மீண்டும் செய்ய வேண்டும். முறைப்படி மூன்று வேறு எடைகளில் செய்து, கோடு போட்டு, 0.02இல் படிக்க வேண்டும். மூன்று எடைக்கும் தனித்தனியாக வகுத்து மூன்று ‘விடை’ எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறோம். அது இல்லையென்றால் வேறு மூன்று சந்தேகம்: மாதிரி கொரகொரவென்று இருந்தது, வடிநீரின் முதல் 20, 30 மில்லியைக் கொட்டாமல் சேர்த்தீர்கள் (வடிதாள் அயோடினைக் குடிக்கும்), அல்லது கரைசல் பழசு. அயோடின் பறந்துவிடும். பழுப்பு பாட்டிலில் வைத்து, பயன்படுத்தும் நாளில் மீண்டும் தரம் பாருங்கள். 1 கிராமுக்குத் தயோசல்பேட் 40 மில்லி வரை இழுத்தால், உங்களிடம் இருப்பது கார்பன் இல்லை, கரி.

சாயக் கழிவுநீருக்கு அயோடின் 1,100 உள்ள விலையுயர்ந்த தொட்டிக் கார்பன் போட்டும் நிறம் போகவில்லை. – எம். ஏ., ஈரோடு

கார்பன் நல்லது, வேலை தவறு. தொட்டிக் கார்பனின் துளைகள் பெரும்பாலும் 2 நானோமீட்டருக்கும் குறைவானவை. அயோடின் மூலக்கூறு சின்னது, உள்ளே போகும். ரியாக்டிவ் சாய மூலக்கூறு பெரியது, வாசலிலேயே நிற்கும். பாஸ்பாரிக் அமில முறையில் செய்த மரக் கார்பன் தூளைக் கேளுங்கள். அதில் 2 முதல் 50 நானோமீட்டர் துளைகள் நிறைய. வாங்கும்போது அயோடின் எண்ணை விட்டு மெத்திலீன் நீல எண்ணை (பெரிய சாய மூலக்கூறைப் பிடிக்கும் திறனைச் சொல்வது) விசாரியுங்கள்.

வாங்குமுன் ஐந்து பீக்கரில் ஒரு லிட்டர் கழிவுநீர் வைத்து 0.5, 1, 2, 3, 5 கிராம் போட்டு அரை மணி நேரம் கலக்கி வடிகட்டிப் பாருங்கள். காரத்தன்மை அதிகமாக இருந்தால் முதலில் நடுநிலைக்குக் கொண்டுவந்துவிட்டுப் பாருங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரலாம்.

கார்பன் வடிகட்டி போட்டால் போர் தண்ணீர் உப்பு குறையுமா? பழைய கார்பனை வெயிலில் காயவைத்தால் மறுபடி வேலை செய்யுமா? – ஜி. எல்., தாம்பரம்

இரண்டுக்குமே இல்லை. உப்பு, கடினத்தன்மை, நைட்ரேட் எதையும் கார்பன் பிடிக்காது. குளோரின், வாடை, நிறம், பூச்சிமருந்து போன்ற கரிமச் சேர்மங்களைத்தான் பிடிக்கும். 10 லிட்டர் கார்பன் (சுமார் 5 கிலோ) உள்ள குழாய் வழியே மணிக்கு 60 லிட்டருக்கு மேல் விடாதீர்கள், தண்ணீருக்குப் பத்து நிமிடமாவது உள்ளே இருக்க அவகாசம் வேண்டும். வெயிலில் காய்ந்தால் ஈரம்தான் போகும். உண்மையான மறுசூடு ஆலையில் 800 டிகிரிக்கு மேல், அதிலும் ஒவ்வொரு முறையும் 5 முதல் 10 சதவீதம் கார்பன் இழப்பு. ஊருக்குப் போய் இரண்டு வாரம் கழித்து வந்தால் முதல் பத்து நிமிடத் தண்ணீரைக் கீழே விடுங்கள். குளோரின் இல்லாத கார்பனில் கிருமிகள் குடியேறும்.

கார்பன் நிரப்பிய பெரிய டேங்குக்குள் ஆள் இறங்கிச் சுத்தம் செய்வதில் என்ன ஆபத்து? வெறும் கரிதானே? – ஷிப்ட் மேற்பார்வையாளர், கரூர்

ஈரமான கார்பன் மூடிய இடத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். வாடையோ, புகையோ, எரிச்சலோ எதுவும் இருக்காது. இறங்கியவர் சரிவார், காப்பாற்றப் போனவரும் சரிவார். ஊதுகாற்று விட்டு, மீட்டரால் ஆக்சிஜனை அளந்து, 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் யாரையும் இறக்காதீர்கள். இறங்கிய பிறகும் மீட்டர் அவர் இடுப்பிலேயே இருக்கட்டும், உறிஞ்சுவது நிற்பதில்லை.

‘கழிவிலிருந்து செல்வம்’, ‘பசுமைத் தொழில்’ என்கிறார்கள். உண்மையில் சுற்றுச்சூழலுக்கு லாபமா நட்டமா? – பி. ஆர்., உடுமலைப்பேட்டை

தொட்டியின் எடையில் ஏறத்தாழப் பாதி கார்பன் (இங்கே சொல்வது ஆக்டிவேட்டட் கார்பனை அல்ல, கார்பன் என்ற தனிமத்தை). 10 டன் தொட்டி என்றால் 5 டன். அதிலிருந்து வரும் 3 டன் கரியில் சுமார் 2.4 டன். ஆக, முதல் சுடலிலேயே பாதிக்கு மேல் புகையாகப் போய்விட்டது. அடுத்த கட்டத்தில் கடைசியாகக் கையில் நிற்பது ஒரு டன்னுக்கும் குறைவு. இதைக் ‘கார்பனைச் சிறைபிடிக்கும் தொழில்’ என்று விளம்பரம் செய்வதை நாங்கள் ஏற்கவில்லை.

ஆனால் போன கார்பன் எந்த உருவில் போனது என்பதில்தான் விஷயம். தென்னை காற்றிலிருந்து எடுத்ததைக் கார்பன் டை ஆக்சைடாகத் திருப்பிக் கொடுத்தால் வரவு செலவு சரி. குழிப்புகையிலோ மீத்தேனும் கார்பன் மோனாக்சைடும் தாரும் கலந்து போகின்றன. மீத்தேன் நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப்போல 28 மடங்கு வெப்பம் பிடிக்கும். உயரமான புகைபோக்கி கட்டிவிட்டேன் என்பவர் அந்தப் புகையை அடுத்த ஊருக்கு அனுப்பிவைக்கிறார், அவ்வளவுதான். புகையை எரிக்க வேண்டும். மூடிய உலையில் சுட்டு, வாயுவைத் தனி அறையில் காற்றோடு சேர்த்து 850 டிகிரி வாக்கில் எரித்தால் வெள்ளைப் புகையும் தாரும் இல்லை.

எரித்தால் சூடு கிடைக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: தொட்டியில் கிலோவுக்குச் சுமார் 4,300 கிலோகலோரி, கரியில் 7,000. 10 டன் தொட்டியில் இருந்த 4 கோடியே 30 லட்சத்தில் கரியில் தங்குவது 2 கோடியே 10 லட்சம். மற்ற பாதி புகையில். காங்கேயத்துக் களங்களில் மழைக்காலத்தில் கொப்பரை காயாமல் பூசணம் பிடிக்க, பக்கத்துக் குழியில் அந்தப் பாதிச் சூடு வானத்துக்குப் போகிறது! எரித்த வாயுவின் சூட்டால் காற்றைக் காய்ச்சிக் கொப்பரை உலர்த்தலாம், அடுத்த சுடலுக்கான தொட்டியையும் உலர்த்தலாம்.

கார்பன் ஆலைக் கட்டத்தில் இவ்வளவு குறை சொல்ல முடியாது. நீராவி அரிப்பில் வரும் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜனையும் உலைக்குள்ளேயே எரித்துத்தான் சூட்டைத் தக்கவைக்கிறார்கள். இல்லாவிட்டால் எரிபொருள் செலவு கட்டாது. நிலக்கரியிலிருந்து செய்யும் கார்பனுக்குப் பதில் இது போகிறது என்பதும் வரவுதான். கெடுதல் பெரும்பாலும் முதல் கட்டத்தில், குழியில். ஆலைக்காரர் ஏற்றுமதிச் சான்றிதழ் காட்டும்போது அவருக்குக் கரி எந்தக் குழியிலிருந்து வருகிறது என்று கேட்டால் பதில் கிடைக்கும்.

வடிகட்டியிலிருந்து எடுத்த பழைய கார்பனை மாடித்தோட்டத்தில் போடலாமா? – வி. கே., திருச்சி

குடிநீர்க் குழாயில் குளோரினுக்காக வைத்ததென்றால் போடலாம். நன்றாக அலசி, மட்கு உரத்தில் இரண்டு வாரம் ஊறவிட்டு, பூந்தொட்டி மண்ணில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் கலங்கள். ஊறவிடாமல் போட்டால் முதல் சில வாரம் செடிக்குப் போட்ட உரத்தை அது இழுத்து வைத்துக்கொண்டு இலை வெளுக்கும். சாய ஆலை, மருந்து ஆலை, ரசாயன ஆலையிலிருந்து வந்த மூட்டை மலிவாகக் கிடைத்தால் தோட்டத்துக்கும் வேண்டாம், அடுப்புக்கும் வேண்டாம். அது பிடித்துவைத்ததையெல்லாம் சூட்டில் திருப்பி விட்டுவிடும்.